கேள்வி பதில்: பழைய செயின்சாவும் வெடித்துப்போன பெட்ரோல் டியூபும்

செயின்சா பற்றிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. அதனால் இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆளுக்கு ஒரு தொல்லையைச் சொல்லியிருந்தாலும் முக்கால்வாசிக் கேள்விகள் போய் நிற்கிற இடம் ஒன்றுதான்: டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற அந்தச் சின்ன ரப்பர் டியூப்.

கேள்வி: என்னிடம் இருப்பது மிகப் பழைய செயின்சா. சோக் போட்டு இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது. கொஞ்ச நேரம் ஐடிலிங்கில் ஓடும், அப்புறம் நான் தொடாமலேயே ஸ்பீடு ஏறும், ஆக்சிலேட்டரை அமுக்கினால் அப்படியே அடங்கிவிடும். பக்கவாட்டில் சாய்த்தால் உடனே நின்றுவிடுகிறது. கார்புரேட்டரைச் சுத்தம் செய்தாயிற்று, உள்ளே இருக்கும் டயஃப்ரம் கிட் மாற்றியாயிற்று, பிளக்கும் புதிது. இப்போது மெக்கானிக் புது கார்புரேட்டரே போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: பொறுங்கள். கார்புரேட்டருக்குச் செலவு செய்வதற்கு முன்னால் டியூபைக் கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள். நீங்கள் சொல்கிற மூன்று அறிகுறியும் (தானாக ஸ்பீடு ஏறுவது, ஆக்சிலேட்டர் கொடுத்ததும் அடங்குவது, சாய்த்தால் நிற்பது) எங்கோ காற்று உள்ளே புகுந்து பெட்ரோல் போதாமல் போகிறது என்றுதான் சொல்கின்றன. அப்படிக் காற்று புகுவதற்குப் பழைய மெஷினில் முதல் இடம் டியூப்தான்.

செயின்சாவில் பெட்ரோல் தானாக வழிந்து கார்புரேட்டருக்கு வருவதில்லை. டேங்க் கீழேயோ பக்கத்திலோ இருக்கும். என்ஜினின் கிரேங்க் அறைக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும்போது அழுத்தம் கூடிக் குறைகிறது இல்லையா, அந்தத் துடிப்பை வைத்துத்தான் கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய டயஃப்ரம் ஒரு பம்ப் மாதிரி வேலை செய்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. மெஷினைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஓடுகிறதே, அது இந்த ஏற்பாட்டினால்தான். மிதவை வைத்த கார்புரேட்டர் என்றால் கவிழ்த்த மாத்திரத்தில் நின்றுவிடும். ஆனால் உறிஞ்சுகிற வேலை என்பதால் வழியில் எங்கே ஓட்டை இருந்தாலும், ஸ்ட்ராவில் ஓட்டை விழுந்த கதைதான், பெட்ரோலுக்குப் பதில் காற்றுதான் வரும். கார்புரேட்டரை எத்தனை தடவை கழுவினாலும் அதற்கு வர வேண்டியது வராவிட்டால் அது என்ன செய்யும்?

வெடிப்பு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து மெஷினின் குணமும் மாறும், இதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. டேங்குக்கு உள்ளே, பெட்ரோலில் மூழ்கியிருக்கும் பகுதியில் வெடித்திருந்தால் டேங்க் நிறைய இருக்கும்வரை மெஷின் ஒழுங்காகவே ஓடும், ஏனென்றால் ஓட்டை வழியாகவும் பெட்ரோலே போகிறது. பாதி தீர்ந்ததும், அல்லது ஒரு பக்கம் சாய்த்து அந்த ஓட்டை மேலே வந்ததும் மக்கர் செய்ய ஆரம்பிக்கும். டேங்குக்கு வெளியே, கார்புரேட்டர் பக்கம் வெடித்திருந்தால் டேங்க் நிறைய இருந்தாலும் தகராறுதான், காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஈரமும் பெட்ரோல் வாடையும் இருக்கும். டியூப் டேங்குக்குள் நுழைகிற ஓட்டையில் தளர்ந்திருந்தால் மெஷினை வைத்த இடத்தில் எண்ணெய்க் கறை படியும்.

டியூபைப் பார்க்கும்போது நேராக நீட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. விரலில் சுற்றி மடக்கிப் பாருங்கள், முடி போன்ற கீறல்கள் வாயைத் திறக்கும். டேங்கில் நுழைகிற இடம், கார்புரேட்டரின் குழாய் முனையில் மாட்டுகிற இடம், இந்த இரண்டும்தான் முதலில் போகும். மடங்காமல் குச்சி மாதிரி விறைத்திருந்தாலும், கையில் பிசுபிசுவென்று ஒட்டினாலும், கீறல் இல்லாவிட்டாலும் அதன் ஆயுள் முடிந்தது. சந்தேகம் தீராவிட்டால் ஒரு முனையைக் கெட்டியாக அடைத்துவிட்டு, இன்னொரு முனையில் ஊசி இல்லாத சிரிஞ்சைச் செருகி, டியூபைத் தண்ணீரில் முக்கிக் காற்றைத் தள்ளுங்கள், குமிழி வருகிற இடம் ஓட்டை. வாயால் ஊத வேண்டாம், பெட்ரோல் ஊறின டியூப் அது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். "எப்படியோ ஓடுகிறதே, சோக்கைப் பாதி இழுத்து வைத்து இன்றைய வேலையை முடித்துக்கொள்ளலாம்" என்று மட்டும் இறங்காதீர்கள். டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்குத் தனியாக ஆயில் கிடையாது, பெட்ரோலோடு கலந்து வருகிற ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழுவழுப்பு. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது, அதே நேரம் என்ஜின் அதிகமாகச் சூடாகிறது. கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் கோடு கோடாகக் கீறி, கடைசியில் பிடித்துக்கொள்ளும். ஒரு முழம்கூட வராத டியூபுக்காகச் சிலிண்டரையும் பிஸ்டனையும் பறிகொடுப்பது எந்தக் கணக்கில் சேரும்?

டியூப் நன்றாக இருந்து தொல்லை மட்டும் தீரவில்லை என்றால், கிரேங்க் அறையின் துடிப்பைக் கார்புரேட்டருக்குக் கொண்டுபோகிற சின்ன ரப்பர் குழாயையும் (எல்லா மாடலிலும் தனியாக இருக்காது), கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் ரப்பர் இணைப்பையும் பாருங்கள். அவையும் அதே வயது ரப்பர்தான்.

கேள்வி: மீன் தொட்டிக்குக் காற்று விடுகிற, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற டியூப் அளவாகப் பொருந்துகிறது. அதையே போட்டுவிட்டால் என்ன?

பதில்: போடலாம், கொஞ்ச நாள் ஓடவும் ஓடும். அது பிவிசி. அதை வளைய வைக்கிற ரசாயனத்தைப் பெட்ரோல் கரைத்து இழுத்துவிடும், அப்புறம் டியூப் சுருங்கி விறைத்து, மாட்டின முனையில் தளர்ந்து, மறுபடி காற்று வாங்கும். சிலிக்கான் டியூப் பார்க்க நன்றாக இருந்தாலும் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும், அதுவும் வேண்டாம். பெட்ரோலுக்கென்றே செய்த டியூப் கேளுங்கள். நைட்ரைல் ரப்பரில் கறுப்பாக வருவது உண்டு, டைகான் என்ற பெயரில் மஞ்சளாக, உள்ளே பெட்ரோல் ஓடுவது தெரிகிற மாதிரி வருவதும் உண்டு. எத்தனால் கலந்த பெட்ரோல் ஊற்றுகிறீர்கள் என்றால் அதைத் தாங்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

அளவு விஷயத்தில் உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டும் வேண்டும். உள்விட்டம் கார்புரேட்டர் முனையிலும் ஃபில்டர் (டேங்குக்குள் டியூபின் நுனியில் மாட்டியிருக்கும் பெட்ரோல் வடிகட்டி) முனையிலும் இறுக்கமாக ஏற வேண்டும். வெளிவிட்டம் டேங்கின் ஓட்டையைவிட ஒரு பொட்டு பெரிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் நிறைய மாடல்களில் அந்த ஓட்டைக்கு வேறு அடைப்பே கிடையாது, டியூப் நெருக்கிக்கொண்டு நிற்பதுதான் அடைப்பு. சின்ன மெஷின்களில் அதிகம் காண்பது உள்ளே சுமார் 2 மி.மீ, வெளியே 3.5 மி.மீ. அதற்கடுத்தது 2.4-க்கு 4.8. பெரிய ரம்பங்களில் உள்ளே 3.2 மி.மீ, வெளியே 4.8 அல்லது 6.4 வரை போகும். பழைய டியூபை அளக்கும்போது உப்பிப்போன பகுதியை விட்டுவிட்டு நல்ல பகுதியில் அளக்க வேண்டும்.

சில பழைய மாடல்களில் டியூபும் டேங்க் ஓட்டையில் உட்காரும் ரப்பர் வாஷரும் ஒரே அச்சில் வார்த்ததாக வரும், வளைவுகூட அதிலேயே இருக்கும். அதற்கு மீட்டர் கணக்கில் வாங்கும் டியூபை வெட்டிப் போட்டு ஒப்பேற்றுவது எனக்குப் பிடிப்பதில்லை. கம்பெனி பார்ட்டோ அதே அச்சில் வருகிற மாற்று பார்ட்டோ தேடி எடுத்துவிடுங்கள், ஒழுகல் தொல்லை மிச்சம்.

கேள்வி: டியூப் வாங்கிவிட்டேன், டேங்கின் அந்த ஓட்டைக்குள் அது நுழையவே மாட்டேன் என்கிறது. ஒரு மாலை முழுக்கப் போராடிவிட்டு எழுதுகிறேன். ஏதாவது வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, அதுவும் சுலபமான வழிதான், ஆனால் முதலிலிருந்தே வருவோம், முந்தின வேலை ஒழுங்காக இருந்தால் இதுவும் ஒழுங்காக நடக்கும்.

என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள், பாரையும் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு) செயினையும் கழற்றிவிட்டால் மெஷினைப் புரட்டிப் புரட்டி வேலை செய்யக் கையும் பிழைக்கும். டேங்கைக் காலி செய்யுங்கள். திறந்த வெளியில், நெருப்பு எதுவும் இல்லாத இடத்தில். மெஷினை மரத்தூளோடு பிரிக்காமல் முதலில் பிரஷ்ஷால் சுத்தமாகத் தட்டிவிடுங்கள், கார்புரேட்டர் வாய்க்குள் ஒரு சிட்டிகைத் தூள் போனாலும் வேறொரு தலைவலி. அப்புறம் மேல்மூடி, காற்று வடிகட்டி, கார்புரேட்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டு அல்லது போல்ட். ஆக்சிலேட்டர் கம்பி எந்தப் பக்கம் மாட்டியிருக்கிறது, சோக் கம்பி எப்படி வளைந்து போகிறது என்று ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இணைப்பில் இருக்கும் மெல்லிய அடைப்புத் தாள் (கேஸ்கெட்) கிழிந்தால் புதிது போடத்தான் வேண்டும். சில மாடல்களில் கார்புரேட்டரை முழுக்கக் கழற்றத் தேவையில்லை, முன்னால் இழுத்தாலே டியூப் முனை கைக்கு எட்டும்.

பழைய டியூபை இழுத்து எடுக்கும்போது அவசரம் வேண்டாம். கெட்டுப்போன டியூப் ஓட்டையிலேயே அறுந்து, ஒரு துண்டு ஃபில்டரோடு டேங்குக்குள் விழுந்துவிடும். முனை வளைத்த கம்பியை டேங்க் வாய் வழியாக விட்டு ஃபில்டரை மெதுவாக வெளியே கொண்டுவந்து, ஃபில்டரைக் கழற்றிவிட்டு, மிச்சத்தை மேல்பக்கமாக இழுங்கள். அறுந்தால் எல்லாத் துண்டும் வெளியே வந்துவிட்டதா என்று சேர்த்து வைத்துப் பாருங்கள். வெளியே வந்ததை எறிந்துவிடாதீர்கள், புது டியூபின் நீளத்துக்கு அதுதான் அளவு. டேங்குக்குள் கொஞ்சம் புதுப் பெட்ரோல் விட்டுக் குலுக்கி ஊற்றினால் அடியில் கிடக்கிற ரப்பர் பொடியும் மண்ணும் வந்துவிடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். புது டியூபின் முனையை நேராக வெட்டிக்கொண்டு நுழைக்கப் பார்த்தால் நுழையாது. கூர்மையான பிளேடால் நீளச் சரிவாக, இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு ஊசி முனை போல வரும்படி வெட்டுங்கள். நீளத்தை அதற்குத் தகுந்த மாதிரி தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், இந்த முனையைக் கடைசியில் வெட்டி எறியத்தான் போகிறோம். டியூபிலும் ஓட்டையின் விளிம்பிலும் டூ ஸ்ட்ரோக் ஆயில் ஒரு சொட்டு தடவுங்கள். கிரீஸ், சோப்பு எதுவும் வேண்டாம், ஆயில் என்றால் உள்ளே போனாலும் பரவாயில்லை. கூர்முனையை வெளியிலிருந்து ஓட்டைக்குள் விட்டு, டேங்க் வாய் வழியாக நீள மூக்குப் பிளையரால் அதைப் பிடித்து உள்பக்கமிருந்து இழுங்கள். வெளியே இருந்து தள்ளிக்கொண்டே இருந்தால் டியூப் மடங்குமே தவிர நகராது, வேலையே இழுப்பதில்தான் இருக்கிறது. பிளையர் எட்டாவிட்டால் ஒரு மெல்லிய கம்பியை டேங்க் வாயில் விட்டு ஓட்டை வழியாக வெளியே எடுத்து, கூர்முனையில் குத்திக் கட்டி, அந்தக் கம்பியைப் பிடித்து இழுக்கலாம். டியூப் ரொம்ப விறைப்பாக இருந்தால் முனையை வெந்நீரில் கொஞ்சம் வைத்துத் துடைத்துவிட்டுப் போடுங்கள். லைட்டரைக் காட்டிச் சூடாக்குகிற ஆட்களும் இருக்கிறார்கள். பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் லைட்டர்! அதைப்பற்றி மேலே சொல்ல ஒன்றுமில்லை.

டியூப் டேங்க் வாய்க்கு வெளியே வரும்வரை இழுத்து, சரிவாக வெட்டின பகுதியையும் பிளையர் கடித்த பகுதியையும் நேராக வெட்டி எறிந்துவிட்டுப் புது ஃபில்டர் மாட்டுங்கள். பழைய ஃபில்டரை மறுபடி மாட்டுவது வீண் சிக்கனம். பிறகு மேலே இருந்து மெதுவாக இழுத்து நீளத்தைச் சரி செய்ய வேண்டும். ஃபில்டர் கனமாக இருப்பதற்குக் காரணமே, மெஷினை எப்படித் திருப்பினாலும் பெட்ரோல் இருக்கிற பக்கம் அது உருண்டு போக வேண்டும் என்பதுதான். குட்டையாக இருந்தால் மூலைக்கு எட்டாது, ரொம்ப நீளம் என்றால் மடங்கி அடைத்துக்கொள்ளும் அல்லது ஃபில்டர் ஒரு மூலையில் மாட்டிக்கொள்ளும். மூடியைப் போடாமல் மெஷினை நான்கு பக்கமும் சாய்த்து, ஃபில்டர் இடித்துக்கொள்ளாமல் போய்வருகிறதா என்று பாருங்கள்.

கார்புரேட்டர் முனையில் டியூபைக் கடைசிவரை தள்ளி மாட்டினால் போதும், கிளிப் பெரும்பாலும் தேவைப்படாது. கழன்று வருகிறது, அதனால் கிளிப் போட்டு இறுக்க வேண்டும் என்ற நிலை வந்தால் டியூபின் அளவு தப்பு. கார்புரேட்டரைத் திரும்ப வைக்கும்போது டியூப் எங்கும் நசுங்கவில்லை, ஆக்சிலேட்டர் கம்பியோடு உரசவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சின்ன வெடிப்புதான். இன்சுலேஷன் டேப் சுற்றி, மேலே சிலிக்கான் பசை போட்டால் தாங்காதா?

பதில்: தாங்காது. டேப்பின் பசையைப் பெட்ரோல் கரைத்துவிடும், சிலிக்கான் உப்பி உரிந்து வரும், உரிந்த துணுக்கு ஃபில்டரிலோ கார்புரேட்டரின் வடிகட்டி வலையிலோ போய் உட்காரும். வெடித்த இடத்தை வெட்டிவிட்டு மீதியை இழுத்து மாட்டலாமா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஒரு இடத்தில் வெடித்த ரப்பர் அடுத்த இடத்தில் வெடிக்க நாள் பார்த்துக்கொண்டிருக்கும். மாற்றிவிடுங்கள்.

கேள்வி: என்னுடைய மெஷினில் பிரைமர் பல்ப் (ஸ்டார்ட் செய்வதற்கு முன் அமுக்கிப் பெட்ரோல் வரவழைக்கிற சின்னக் குமிழ்) இருக்கிறது, அதனால் இரண்டு டியூப். இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு எது எங்கே என்று மறந்துவிட்டேன்.

பதில்: பயப்பட வேண்டாம், பல்பே சொல்லிவிடும். பல்பைக் கழற்றிக் கையில் வைத்து அமுக்குங்கள். அதன் இரண்டு முனைகளில் எது காற்றை வெளியே தள்ளுகிறதோ, அது டேங்குக்குத் திரும்பிப் போகிற டியூபுக்கு. அமுக்கினதை விடும்போது எது விரலை உள்ளே இழுக்கிறதோ, அது கார்புரேட்டருக்கு. பல்ப் பெட்ரோலைக் கார்புரேட்டருக்குத் தள்ளுகிறது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இந்த வகையில் அது கார்புரேட்டர் வழியாக டேங்கிலிருந்து உறிஞ்சி, மிச்சத்தை டேங்குக்கே திருப்பி அனுப்புகிறது. அதனால் ஃபில்டர் மாட்டின டியூப் கார்புரேட்டருக்குப் போக வேண்டும், திரும்பி வருகிற டியூபுக்கு ஃபில்டர் கிடையாது. மாற்றி மாட்டினால் பல்பை எத்தனை முறை அமுக்கினாலும் அது நிறையாது.

சரியாக மாட்டிய பிறகு பல்பை அமுக்கிக்கொண்டே வந்தால் முதலில் குமிழியாக வந்து, போகப் போகப் பெட்ரோல் நிறைந்து நிற்கும். குமிழி நிற்கவே இல்லையா? பெட்ரோல் வருகிற வழியில் இன்னும் எங்கோ காற்று புகுகிறது. பல்பே வெடித்திருக்கலாம், அதன் பிளாஸ்டிக்கும் வெயிலில் காய்ந்து போகிற சாமான்தான்.

கேள்வி: டியூப், ஃபில்டர் எல்லாம் புதிது. நன்றாக ஓடிக்கொண்டிருந்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. பெட்ரோல் மூடியைத் திறந்து மூடினால் திரும்ப ஓடுகிறது. இது என்ன மாயம்?

பதில்: திறக்கும்போது "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே போகிற சத்தம் வந்தால் டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும், வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, உறிஞ்ச முடியாமல் கார்புரேட்டர் காய்ந்துபோகும். சில மாடல்களில் துளை மூடியிலேயே இருக்கும், சிலவற்றில் டேங்கின் மேல்பக்கம் ஒரு சின்ன வால்வாகத் தனியாக இருக்கும். அது காற்றை உள்ளே விடும், பெட்ரோலை வெளியே விடாது. ஊசியால் குத்திப் பெரிதாக்கினால் அந்த ஒருவழிக் குணம் போய் மெஷினைச் சாய்க்கும்போதெல்லாம் ஒழுகும். வால்வை மாற்றுவதுதான் சரி.

கேள்வி: டியூப் மாற்றினேன். முன்பு ஸ்டார்ட் ஆகி ஓடவாவது செய்தது, இப்போது புகையாகக் கக்குகிறது, ஆக்சிலேட்டர் கொடுத்தால் இருமுகிறது. புது டியூபில் கோளாறா?

பதில்: கோளாறு டியூபில் இல்லை, அதற்கு முன்னால் யாரோ ஸ்க்ரூவைத் திருகியிருக்கிறார்கள். காற்று புகுந்துகொண்டிருந்த காலத்தில் அதை ஈடுகட்ட கார்புரேட்டரின் எல் (குறைந்த ஸ்பீடுக்கானது), ஹெச் (அதிக ஸ்பீடுக்கானது) ஸ்க்ரூக்களைத் திறந்து பெட்ரோலைக் கூட்டிவைத்திருப்பார்கள். ஓட்டை இப்போது அடைந்துவிட்டது, கூட்டின பெட்ரோல் அப்படியே நிற்கிறது. புகை வராமல் என்ன செய்யும்?

கைப்புத்தகம் இருந்தால் அதில் உள்ள கணக்குப்படி வையுங்கள். இல்லையென்றால் நிறையப் பழைய கார்புரேட்டர்களில் இரண்டையும் மெதுவாக அடிவரை மூடி (இறுக்காமல், இறுக்கினால் ஊசி முனை கெடும்) ஒரு சுற்று திறந்து ஆரம்பிக்கலாம். பாரையும் செயினையும் மாட்டி, என்ஜினைச் சூடாக்கிவிட்டு, முதலில் எல் ஸ்க்ரூ. ஐடிலிங் சீராகவும் ஆக்சிலேட்டர் கொடுத்ததும் தயங்காமல் ஏறவும் வேண்டும். அடுத்தது ஐடிலிங் ஸ்க்ரூ. ஆக்சிலேட்டரை விட்டதும் செயின் அசையாமல் நிற்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஹெச் ஸ்க்ரூவைக் காதை நம்பி மூடிக்கொண்டே போகாதீர்கள். சும்மா முழு ஆக்சிலேட்டரில் பிடிக்கும்போது சத்தம் லேசாகக் கரகரவென்று உடைந்து, மரத்தில் வைத்து அழுத்தும்போது சுத்தமாக வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சும்மா பிடிக்கும்போதே "கீச்" என்று கத்தினால் பெட்ரோல் போதவில்லை, சத்தம் வீரமாக இருக்கிறதே என்று விட்டுவிட்டால் பிஸ்டன் போகும். ஆர்பிஎம் மீட்டர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் இந்த ஒன்றை மட்டும் கொடுத்துச் சரிபார்ப்பது நல்லது.

கேள்வி: எத்தனை வருடத்துக்கு ஒருமுறை டியூப் மாற்ற வேண்டும்?

பதில்: காலண்டர் பார்த்து மாற்றுகிற சாமான் இல்லை. தினமும் ஓடுகிற மெஷினில் டியூப் பல வருடம் நிற்கும், டேங்கில் பெட்ரோலோடு மூலையில் மாதக்கணக்கில் கிடக்கிற மெஷினில்தான் சீக்கிரம் போகும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் பதம் பார்க்கும். ஒரு மாதத்துக்கு மேல் தொடப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, மிச்சம் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஐடிலிங்கில் ஓட்டிவிட்டு வையுங்கள். ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் டியூபையும் ஒருமுறை மடக்கிப் பார்த்துவிட்டால் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

கேள்வி: டியூப் மாற்றுவதற்காக டேங்கிலிருந்து எடுத்த பெட்ரோலையே திரும்ப ஊற்றலாமா?

பதில்: போன வாரம் கலந்தது, சுத்தமான டப்பாவில் பிடித்தது என்றால் வடிகட்டி ஊற்றலாம். எப்போது கலந்தோம் என்று யோசிக்க வேண்டியிருந்தால் ஊற்றாதீர்கள், சாக்கடையிலும் கொட்டாதீர்கள், மூடியுள்ள டின்னில் வைத்துக் கழிவு ஆயில் வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடுங்கள். புதிதாகக் கலக்கும்போது மெஷினின் மூடியில் அல்லது கைப்புத்தகத்தில் போட்டிருக்கும் விகிதத்தைப் பாருங்கள். 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மி.லி ஆயில், 25-க்கு 1 என்றால் 40 மி.லி. பழைய மெஷின்கள் பலவற்றில் இரண்டாவது கணக்கு இருக்கும்.